வலது இண்டிகேட்டர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காரை விற்பதென்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவள் மங்கை. முப்பத்தொரு வருடமாக அந்தக் காரை ஓட்டியவள் அவள்தான் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. நான் இடது பக்கம் உட்கார்ந்து வந்தவன், அவ்வளவுதான். ஒரே ஒரு முறை ஸ்டீரிங்கைப் பிடித்தேன். அன்றைக்குத் தெருமுனைக் குப்பைத்தொட்டி நசுங்கியது. "நீங்க டெலிபோன் கம்பத்தோட நிறுத்திக்குங்க" என்றாள் மனைவி. நிறுத்திக்கொண்டேன்.

வாங்க வந்தவர் பாண்டியராஜ், வத்தலக்குண்டுக்காரர். பழைய கார்களைக் கல்யாணப் புகைப்படங்களுக்கு வாடகைக்கு விடுகிறாராம். பெண்ணும் மாப்பிள்ளையும் சாய்ந்து நிற்க எங்கள் கார்தான் தோது என்றார். வானநீல நிறத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டார். ஒன்று எரியவில்லை. ஒன்று எரிந்து அணைந்தது. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. இன்ஜினைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும், இந்தச் சுவிட்சுகளுக்குத்தான் எங்கே தேடினாலும் சாமான் கிடைப்பதில்லை என்றும் சொன்னார். அவற்றை மட்டும் சரிசெய்து கொடுத்தால் இருபதாம் தேதி வந்து எடுத்துக்கொள்வாராம்.

முப்பத்து நான்கு வருடம் டெலிபோன் ஆபீஸில் ஒயர்களோடு குடும்பம் நடத்தியவனிடம் இதைச் சொல்ல வேண்டுமா? உடனே ஒத்துக்கொண்டேன். மங்கை காப்பி டம்ளர்களை வைத்துவிட்டு, காரின் பக்கம் திரும்பாமல் உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு டாஷ்போர்டைப் பிரித்தேன். வரிசையாக ஐந்து சுவிட்சுகள். ஒவ்வொன்றின் திருகாணிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. அதற்கு இட்லித் தட்டைவிடச் சிறந்த சாதனம் உலகத்தில் கிடையாது. ஒரு குழிக்கு ஒரு சுவிட்ச். மங்கை வந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பழைய மங்கையாக இருந்தால் தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஹெட்லைட் சுவிட்சின் உள்ளே பித்தளை முழுக்கக் கரி பிடித்திருந்தது. உப்புத்தாளை விரல்நகம் அளவுக்குக் கிழித்து மெதுவாகத் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் பித்தளை பளிச்சென்று வந்தது. மாட்டினேன், எரிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன், வேறு ஆள் இல்லாததால்.

இந்தக் கார் வந்தது தொண்ணூற்று நான்கில். சிறுமலையில் ஒரு எஸ்டேட் மேனேஜர் ஒன்பது வருடம் ஓட்டிவிட்டு விற்றது. மலையிலிருந்து மங்கையே இறக்கிக்கொண்டு வந்தாள். பதினெட்டு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "கண்ணைத் திறக்கலாம்" என்றாள். அவள் கணக்கு டீச்சர். மறுநாள் காரில் பள்ளிக்கூடம் போனபோது பிள்ளைகள் எல்லாம் வாசல் கேட்டுக்கு ஓடிவந்து நின்றார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பு எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

வைப்பர் சுவிட்ச். ஸ்பிரிங் அறுந்திருந்தது. எழுதித் தீர்ந்த பேனாவின் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன். கச்சிதம்.

கொடைக்கானல் மலைப்பாதையில் ஒருமுறை கொட்டும் மழையில் இதே வைப்பர் நின்றுபோனது. பரிதிக்கு அப்போது எட்டு வயது. நான் இரண்டு வைப்பர் கைகளிலும் சணல் கயிறு கட்டி, ஒரு முனையை வலப்புறப் பின் ஜன்னல் வழியாக மகனிடம் கொடுத்து, மறுமுனையை என் ஜன்னலில் நான் வைத்துக்கொண்டேன். அவன் இழுக்க, நான் இழுக்க, பெருமாள்மலைவரை மங்கை எங்கள் இருவருக்கும் தாளம் போட்டுக்கொண்டே ஓட்டினாள். மூவரும் தொப்பலாக நனைந்து பஜ்ஜி சாப்பிட்டோம். அந்த மாதிரிச் சிரிப்பு இந்த வீட்டில் கேட்டு வெகுநாளாகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஹாரன் பட்டன். வேலை அரை மணி நேரம்தான். ஒலித்ததும் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கேஸை மூடினோமா என்று மங்கை இன்றைக்கு நான்கு தடவை போய்ப் பார்த்தாள். நாட்காட்டியில் ஒவ்வொரு தாளிலும் பொடி எழுத்தில் எழுதி வைக்கிறாள். பால் காய்ச்சியாயிற்று, மாத்திரை போட்டாயிற்று, பரிதி பேசினான். குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தோடு பதினேழாம் வாய்பாடு கேட்கிறது. தன் மூளையைத் தானே பரீட்சை பண்ணுகிறாள். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இருபத்தொன்றாம் தேதி மதுரையில் மறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். அவள் அம்மாவுக்குக் கடைசி ஆறு வருடம் பெற்ற மகளையே அடையாளம் தெரியாது. "எங்கம்மாவுக்கும் இப்படி சின்னதாத்தான் ஆரம்பிச்சுது" என்கிறாள். நான், அதெல்லாம் ஒன்றும் இருக்காது என்கிறேன். சொல்கிறேனே தவிர, எனக்கும் பயம்தான்.

எல்லாம் போன செப்டம்பரில் ஆரம்பித்தது. பழனி ரோட்டுத் திருப்பத்தில், டீக்கடைக்கு எதிரே, சாயங்காலம் நாலரை மணி. மங்கை வலது பக்கம் திரும்பினாள். பின்னால் ஸ்கூட்டரில் வந்த ரெஜினா என்ற நர்ஸ் பெண் வலது பக்கமாகவே முந்தப் பார்த்தாள். இடித்தது. அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும், கார் இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு வலதில் திரும்பியது என்றார்கள். மங்கை, நான் வலதுதான் போட்டேன், வலதுதான் போட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு எதிர்வீட்டு டிரைவர்தான் காரைக் கொண்டுவந்து ஷெட்டில் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தினார். அதன்பிறகு மங்கை அந்த இருக்கையில் உட்காரவே இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மிச்சமிருப்பது இண்டிகேட்டர் ஒன்றுதான்.

எங்களுக்கென்று ஒரு வேலைமுறை உண்டு. அவள் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைப் போடுவாள், நான் வெளியே நின்று எது எரிகிறது என்று சொல்வேன். முப்பது வருடமாக இப்படித்தான். இன்றைக்கும் போய்க் கூப்பிட்டேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், வண்டியை நகர்த்தக்கூட வேண்டாம் என்றேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை. "நான் எதைப் போடுறேன்னு எனக்கே தெரியாது. என்னைய எதுக்குக் கூப்பிடுறீங்க?" என்றாள்.

திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இண்டிகேட்டரைப் பார்த்தேன். எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில் கடுமை. மதியம் பாகற்காய்க் குழம்பு. உள் விளக்கின் சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் கழற்றித் துடைத்து மாட்டினேன். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். சீட் உறையைத் துவைத்தேன். மங்கை, எதற்கு இவ்வளவு வேலை, விற்கத்தானே போகிறோம் என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

இரண்டு நாளாக இந்த நோட்டிடமே ஒளித்துக்கொண்டிருக்கிறேன். இது எவ்வளவு கேவலம் என்று எனக்கே சிரிப்பு வருகிறது. எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை, வேறு ஆள் இல்லாததால், நானே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். வலது இண்டிகேட்டரைப் போட்டேன். டாஷ்போர்டில் ஒரே ஒரு பச்சைப் பொட்டு விளக்கு. அந்தக் காலத்துக் காரில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அது ஒன்றுதான். அது கண் சிமிட்டியது. எது எரிகிறது என்று பார்க்க இறங்கலாம் என்று நினைத்தவன் மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். ஷெட் இருட்டாக இருந்ததால் பின் சுவரில் விளக்கின் வெளிச்சம் விழுந்து விழுந்து மறைந்தது. இடது பக்கத்தில்.

கண்ணாடியில் பக்கம் மாறித் தெரிகிறதோ என்று திரும்பிப் பார்த்தேன். காரின் இடதுதான். இடதைப் போட்டால் வலதில் எரிந்தது. இறங்கிப் போய் முன்னால் பார்த்தேன், அங்கேயும் அப்படியே.

மங்கை அன்றைக்கு வலதுதான் போட்டிருக்கிறாள்.

மாற்றியது நான். விபத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்த இண்டிகேட்டர் கம்பி தானாகத் திரும்பவில்லை என்று கழற்றிச் சரிசெய்தேன். வழக்கமாக மங்கை காரை முன்பக்கமாகத்தான் ஷெட்டில் விடுவாள், நான் வாசல் பக்கம் காரின் பின்னால் நின்று பார்ப்பேன். அந்த வாரம் எதிர்வீட்டில் கட்டட வேலை, தெருவில் மணல் குவித்திருந்தார்கள். திரும்ப இடமில்லாமல் அவள் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தியிருந்தாள். பின்னால் நிற்க இடமே இல்லை. அதனால் முன்னால், காரைப் பார்த்து நின்றேன். வலது போடு என்றேன். போட்டாள். என் இடது கைப் பக்கம் எரிந்தது. எதிரே நிற்பவனுக்குக் காரின் வலது இடது கைப் பக்கம்தான் வரும் என்பது உறைக்கவில்லை. ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து, சரியாக இருந்ததை இடம் மாற்றினேன். மறுபடி போடச் சொன்னேன். இப்போது என் வலது கைப் பக்கம் எரிந்தது. "இப்பச் சரி" என்றேன். உள்ளே இருந்தவளுக்குப் பச்சைப் பொட்டைத் தவிர எதுவும் தெரிந்திருக்காது. நான் சரி என்றால் அவளுக்குச் சரிதான்.

முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு ஜோடி ஒயரைக்கூட மாற்றி இணைத்தவனில்லை என்று பிரிவுபசார விழாவில் பேசினார்கள். மாலையும் போட்டார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் எழுதினால்தான் எழுதியதாகும். அன்றைக்கு நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், பேப்பர் படித்துக்கொண்டு. அவள் எதைப் போட்டாள் என்று நான் பார்க்கவில்லை. கூட்டம் கூடி என்னைக் கேட்டபோது, தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. சமாதானமாகப் போகட்டுமே என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். "வயசாகுதில்ல, பதட்டத்துல மாத்திப் போட்டுட்டா." அதற்குப் பிறகுதான் மங்கை பேசுவதை நிறுத்தினாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் ஒரு யோசனை வந்தது. இரண்டு ஒயர்தான், பத்து நிமிட வேலை. மாற்றிவிட்டால் கார் சரியாகிவிடும். இருபதாம் தேதி பாண்டியராஜ் எடுத்துக்கொண்டு போய்விடுவார். இருபத்தொன்றாம் தேதி டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் சொல்வார். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. திருப்புளியைக் கையில் எடுத்தும்விட்டேன். உள்ளேயிருந்து வாய்பாடு கேட்டது. பதினேழு எட்டு நூற்று முப்பத்தாறு என்று சொல்லி நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன்.

மத்தியானம் மாடிக்குப் போய் ரெஜினாவுக்குப் போன் பண்ணினேன். இப்போது தஞ்சாவூரில் வேலை. மணிக்கட்டு நன்றாகவே கூடிவிட்டதாம். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்தப் பெண் கேட்டாள், "ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டீங்களா அங்கிள்?" இல்லை என்றேன். "அப்ப எனக்கு ஏன் முதல்ல பண்ணுறீங்க?" என்றாள்.

ரெஜினாவிடம் சொல்வது சுலபம் என்பதால்தான் பண்ணினேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலையில் அவள் காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். மங்கை, ஒரு தடவை ஷெட்டுக்கு வா, ஏன் எதற்கு என்று கேட்காதே என்றேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, வந்தாள். ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னேன். தயங்கி நின்றாள். கதவைத் திறந்து பிடித்தேன். உட்கார்ந்ததும் அவள் கை தானாகச் சீட்டுக்கு அடியில் போய் இருக்கையை முன்னால் இழுத்தது. பதினோரு மாதத்தில் அந்தக் கை எதையும் மறக்கவில்லை.

வலது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுத் திரும்பிச் சுவரைப் பார் என்றேன். போட்டாள், பார்த்தாள். அணைத்தாள். மறுபடி போட்டாள். ஆறேழு தடவை. ஒவ்வொரு தடவையும் கம்பியைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். நான் ஜன்னலோரம் நின்று, மணல் குவியலில் ஆரம்பித்து ஒயரை மாற்றியதுவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு தடவைகூடக் குரல் தடுமாறாமல் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகலையா?"

ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

"அம்மா மாதிரி ஆகலையா?"

இல்லை என்றேன். ஸ்டீரிங்கில் தலையை வைத்து அழுதாள். நெற்றி பட்டு ஹாரன் ஒலித்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது, அவள் தலையை எடுக்கவில்லை. எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

இன்றைக்குத்தான் மங்கைக்குக் கோபம் வந்தது. வந்து சேரட்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன்.

சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நாற்பது வருடம் வகுப்பில் நின்றவள், சத்தம் போடாமலே பேசத் தெரியும். "ஒயரை விடுங்க. அது கை பண்ணுன தப்பு. என் கையும் பண்ணியிருக்கும். அத்தனை பேர் முன்னாடி சிரிச்சுக்கிட்டே 'வயசாகுதில்ல'ன்னீங்களே, அதை எந்த ஒயரு சொல்லுச்சு?"

இலையில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் சொன்னதை அவள் நம்பவில்லையாம். நான் சொன்னதைத்தான் நம்பினாளாம். பக்கத்தில் இருந்தவர் பார்த்திருப்பார், பார்க்காமலா சொல்வார் என்று நினைத்தாளாம். அன்று ராத்திரியிலிருந்து ஒவ்வொரு வேலையையும் தன்னையே சந்தேகப்பட்டுச் செய்தாளாம். இதையெல்லாம் ஒரு கணக்கை விளக்குவது மாதிரி வரிசையாகச் சொன்னாள்.

சாயங்காலம் ஒயர்களை மாற்றினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பேச்சுவார்த்தை இல்லை. பாண்டியராஜுக்குப் போன் பண்ணி, கார் விற்பனைக்கில்லை என்று மங்கையே சொன்னாள். மதுரை டாக்டரிடமும் நேரத்தை ரத்து செய்துவிட்டாள். பரிதியிடம் நான்தான் பேச வேண்டும் என்றாள். பேசினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "என்னப்பா நீங்க" என்றான். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். அரை மணி நேரம் பேசினார்கள். நான் கொல்லையில் துணி காயப்போட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சாயங்காலம் நான்கு மணிக்கு மங்கை சேலை மாற்றிக்கொண்டு சாவியோடு வந்து நின்றாள். "ஏறுங்க" என்றாள். எங்கே என்று கேட்கவில்லை.

ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கும்போது வண்டி ஒரு தடவை நின்று போனது. அடுத்த தடவை வந்துவிட்டது. முதல் தெருவில் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினாள். மெயின் ரோடு வந்ததும் தோள் இறங்கியது, பழைய மங்கை வந்துவிட்டாள். நான் பேப்பர் எடுத்து வரவில்லை. வழி முழுக்க அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பழனி ரோட்டுத் திருப்பத்தில் ஓரமாக நிறுத்தினாள். டீக்கடையில் ஏழெட்டுப் பேர். "எங்க வச்சுச் சொன்னீங்களோ அங்க வச்சுச் சொல்லிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

அறுபத்தாறு வயதில் அவ்வளவு கூச்சத்தோடு எங்கேயும் இறங்கி நடந்ததில்லை. கடைக்காரர் அதே ஆள்தான், அடுப்பு முன்னால் நின்றார். பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டு முகம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. போன செப்டம்பர் இங்கே ஒரு ஆக்ஸிடென்ட் ஆயிற்றே, நீலக் கார், நர்ஸ் பெண்ணின் ஸ்கூட்டர் என்று ஆரம்பித்தேன். கடைக்காரர் யோசித்தார். பெஞ்சில் இருந்த இருவரையும் பார்த்தார். அவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"இந்த முக்குல வாரத்துக்கு ஒண்ணு நடக்குது சார். நீங்க எதைக் கேக்குறீங்க?" என்றார்.

இந்த இடத்தில்தான், இந்தப் பெஞ்சு பக்கத்தில்தான் நின்றேன், என் மனைவியை எல்லோரும் குறை சொன்னீர்கள், நானும் சொன்னேன் என்று விளக்கினேன். ஒருவருக்கும் நினைவில்லை. எதிரே நிற்கும் நீலக் காரைக் காட்டியும் நினைவு வரவில்லை. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. இண்டிகேட்டரை மாற்றி இணைத்தது நான், அவள் வலதுதான் போட்டாள், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, நான் சொன்னது பொய் என்று சத்தமாகவே சொன்னேன். டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், "சரிங்க, இப்ப அதுக்கு என்ன?" என்று கேட்டார். அதற்கு ஒன்றுமில்லை என்றேன்.

திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன். என்ன சொன்னார்கள் என்று மங்கை கேட்டாள். நல்லவிதமாக எதையாவது சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. வேண்டாம் என்று உள்ளதைச் சொன்னேன், அங்கே யாருக்கும் எதுவும் ஞாபகம் இல்லை என்று.

"ஒருத்தருக்குமா?"

ஒருவருக்கும் இல்லை, கார் நிறம்கூட நினைவில்லை என்றேன்.

மங்கை டீக்கடையைப் பார்த்தாள். பெஞ்சில் பேச்சு வேறு எதற்கோ மாறியிருந்தது. அவள் உதடு துடித்தது, அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"மறதி மறதின்னு பதினோரு மாசம் செத்துப் பொழைச்சேன்" என்றாள். "இத்தனை பேர்ல ஞாபகம் வச்சுக்கிட்டு இருந்தது நான் ஒருத்திதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். பின்னால் பஸ் வருகிறதா பார்க்கச் சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். வரவில்லை என்றேன். அவளும் ஒரு தடவை கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.